எனக்கு எந்த அணி?

விழாக் குழுவினர் அழைக்கும்போது மற்ற பேச்சாளர்கள் தேதியைக் கேட்பார்கள், தலைப்பைக் கேட்பார்கள், கூடப் பேச வருகிறவர்கள் யாரென்று கேட்பார்கள். அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"எனக்கு எந்த அணி?"

பதில் வந்ததும், "சரி, வந்துட்டேன்னு வச்சிக்கோங்க" என்று கைப்பேசியை வைத்துவிடுவார்.

புதுச்சேரியில் பட்டிமன்றத்துக்குப் பஞ்சமில்லை. ஆடித் திருவிழா, பொங்கல், மகளிர் தினம், ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டு விழா என்று மாதம் ஒன்றாவது இருக்கும். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், மூத்த நிருபர்கள் யாரும் போக விரும்பாததால் அவை என் தலையில் விழுந்தன. தலைப்பு, பேசியவர்களின் பெயர்கள், நடுவரின் தீர்ப்பு. இடமிருந்தால் ஒரு படம். படம் எப்போதும் நடுவருடையது.

அந்தக் கேள்வியைக் கேட்பவர் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வாயில் புடவை, உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டிய கடிகாரம். மேடை ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஒருமுறை காந்தி வீதியில் பேசிவிட்டு இறங்கியபோது செருப்பைக் காணாமல் வெறுங்காலோடு முத்தியால்பேட்டைக்கு நடந்தவர். பையில் செருப்புக்கு மேலே சீரக வெந்நீர்ப் புட்டி இருக்கும். குறிப்புத் தாள் இருக்காது.

அவருக்குக் கிடைத்த அணி அநேகமாக ஒன்றேதான். குடும்பம் சிதையக் காரணம் பெண்கள் வேலைக்குப் போவதா, ஆண்கள் குடிப்பதா என்று தலைப்பு வந்தால் அவர் பெண்கள் வேலைக்குப் போவதே என்ற அணி. பெண் சுதந்திரம் வரமா, சாபமா என்றால் சாபம். இளைஞர்கள் தாங்களே துணையைத் தேடிக்கொள்வது சரியா, தவறா என்றால் தவறு. ஏன் இப்படி என்று ஒரு விழாக் குழுச் செயலாளரைக் கேட்டேன்.

"இதையே ஒரு ஆம்பள பேசுனா பொம்பளைங்க எழுந்து போயிடுவாங்க சார். ஒரு பொம்பள பேசட்டும், அவங்களே விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

செயலாளர் சொன்னது சரிதான். முன்வரிசைப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

"நான் வேலைக்குப் போறேங்க. போன வாரம் எங்க வூட்டுக்காரரே ரசம் வச்சாரு. அதுல என்னா மொதந்துச்சுன்னு கேக்காதீங்க. இன்னும் நாங்க கண்டுபுடிக்கல."

கைதட்டல் அடங்கும்வரை நிற்பார். அப்புறம் மாமியார் வருவார், பெரிய மருமகள் வருவாள், சின்ன மருமகள் கைப்பேசியில் பார்த்துச் சாம்பார் வைப்பாள். இவர்களில் ஒருவரும் கிடையாது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. முத்தியால்பேட்டை வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும்தான். மேடைக்கென்று ஒரு வீட்டுக்காரரை வைத்திருந்தார். அவருக்கு ரசம் வைக்கவும் குறட்டை விடவும் தெரியும்.

சிரிக்க வைத்தவர் கடைசி நிமிடத்தில் குரலை இறக்குவார். எல்லா ஊரிலும் அதே முடிவுரைதான். "சட்டம் உங்க பக்கம் இருக்கலாம். காலம் உங்க பக்கம் இருக்கலாம். ஆனா நீங்க வாசப்படி தாண்டும்போது உள்ள அம்மா அழற சத்தம் கேக்குதே, அத மிதிச்சுட்டுப் போய் நீங்க எங்க நல்லா இருப்பீங்க?" சொல்லிவிட்டு நின்று பார்க்காமல் போய் உட்கார்ந்துகொள்வார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் இடிபோலக் கைதட்டல்.

நாளடைவில் நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை நிருபரே என்றார். திரும்பும் வழியில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நான் அவரை வீட்டில் இறக்கிவிட்டு அலுவலகம் போய்ச் செய்தி கொடுப்பேன். ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன், இதையெல்லாம் நம்பித்தான் பேசுகிறாரா என்று.

"ஆபீஸ்ல அடுத்தவங்க எழுதுனத அடிக்கறேன். சாயந்தரம் அடுத்தவங்க குடுத்த அணிக்குப் பேசறேன். ரெண்டுலயும் பிழ இருக்காது."

மேடைக்கு வெளியிலும் அவருக்கு அந்தக் கேள்விதான். அலுவலகத்தில் மின்விசிறியை வைப்பதா நிறுத்துவதா என்று இருவர் மோதிக்கொண்டால், தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கி, "எந்த அணில ஆள் கொறையுது?" என்பார். குபேர் அங்காடியில் மீன்காரப் பெண்ணோடு யாரோ ஒருவர் விலைக்கு மல்லுக்கு நின்றபோது, மீன்காரப் பெண்ணே இவரைப் பார்த்து, "எம்மா, நீ எனுக்குப் பேசு" என்றாள். இவர் பேசினார். வாங்க வந்தவர் சொன்ன விலைக்கு வாங்கியதோடு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். "இப்ப எனக்கு நீ கொறச்சுக் குடு" என்று அந்தப் பெண்ணிடமே திரும்பி எதிர் அணிக்குப் பேசத் தொடங்கினார் அக்கா. "ஐயோ, நீ தூக்கினு போம்மா" என்று அவள் கும்பிட்டாள்.

எல்லா இடத்திலும் இது சிரிப்பாக முடியவில்லை. ஒரு கல்லூரியின் மகளிர் தின விழா. பேசி முடித்து அவர் உட்கார்ந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், நீங்க பேசுனத எங்க வீட்ல போட்டுக் காட்டித்தான் எங்க அக்காவ படிப்ப நிறுத்துனாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

நடுவர் மணியை எடுத்தார். பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவரை ஊரே, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்றுதான் கூப்பிடும். "சண்டைய சீக்கிரம் முடிங்கம்மா, நான் வூட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கணும்" என்றார் முசியே. எல்லோரும் சிரித்தார்கள். மாணவி உட்கார்ந்தாள். அக்கா சிரிக்கவில்லை. புட்டியைத் திறந்து வெந்நீர் குடித்தார். அன்று தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை விட்டு இறங்கும்போது சொன்னார்.

"நமக்குக் காரைக்கால்ல ஒரு பெரிய வேல வந்துச்சு நிருபரே, ரொம்ப நாளைக்கு முன்னாடி. வேல மட்டும் இல்ல. கூட ஒரு வாழ்க்கையும் வர்றதா இருந்துச்சு."

"ஏன் போகலக்கா?"

"எங்கம்மாவுக்கு அழ வரும். நல்லா வரும்."

உள்ளே விளக்கு எரிந்தது. யாரோ இருமினார்கள். அவர் செருப்பைப் பையிலிருந்து எடுக்காமலே உள்ளே போனார்.

நடுவர் நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டிமன்ற மேடையில் பேச்சாளர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் மட்டும் கைப்பிடி வைத்து, சிவப்பு வெல்வெட் தைத்த ஒன்று. பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து வரும் மாப்பிள்ளை நாற்காலி அது. நான் செய்தி எழுதிய காலம் முழுக்க, பெண்களைப் பற்றிய எந்தத் தலைப்பிலும் அதில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அக்கா ஒருமுறை விளையாட்டாகக் கேட்டார். "நான் ஒரு தடவ நடுவரா இருந்து பாக்கவா?" செயலாளர் சொன்னார்: "நீங்க அங்க உக்காந்துட்டா இங்க யாரு மேடம் திட்டறது?" மேடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அவருடைய அம்மா காலமான மறுவருடம் அந்த முடிவுரை தனியாக வெட்டப்பட்டுக் கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. பின்னணியில் யாரோ வீணை இசை வேறு சேர்த்திருந்தார்கள். எங்கள் நெல்லித்தோப்புத் தெருவுக்கும் அது வந்து சேர்ந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் முன்பு மில்லில் இருந்தவர். அது மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியின் வாசலில் காவலாளி. அண்ணி வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்றார். மகள் நித்யாவுக்கும் தட்டாஞ்சாவடியிலேயே வேலை, மருந்துகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில். வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த நிலையில்தான் நித்யா தன்னால் முடியாது என்றாள். அதே பிரிவில் வேலை பார்க்கும் பிள்ளைச்சாவடிப் பெண் கயலோடுதான் வாழப் போவதாகச் சொன்னாள். தோழியாக மட்டும் அல்ல என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அண்ணன் அடிக்கவில்லை, கத்தவில்லை. அந்த வீடியோவை மகளுக்கு அனுப்பினார். அவள் பதில் போடவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், இந்த மேடத்த உங்களுக்குத் தெரியுமாமே. ஒரே ஒரு தடவ கூட்டியாந்துடுங்க. இவ்ளோ தெளிவா பேசறவங்க, நேர்ல சொன்னா அவ கேப்பா."

மேடையில் பேசியதெல்லாம் அந்த அம்மாளின் சொந்தக் கருத்து என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அக்காவை அழைத்து விஷயம் முழுவதையும் சொன்னேன்.

"எனக்கு எந்த அணி?"

"பொண்ணோட அப்பா அணி."

"சரி. ஞாயித்துக்கெழம வரேன்."

அந்த ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். அண்ணன் வீட்டுக் கூடத்தில் கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்று, என் வீட்டிலிருந்து போன பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு. அண்ணன் மர நாற்காலியில் இருந்தார். நித்யா குளிர்பெட்டியின் மேல் சாய்ந்து நின்றாள். பின்கட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா நின்றபடியே சொன்னார்: "நீங்க இங்க வாங்க. நீங்க அணித் தலைவரு. நடு நாற்காலி நடுவருக்கு."

"நடுவரா?" அண்ணன் என்னைக் காட்டினார். "சார் இருக்கட்டுமே."

"அவரு பத்திரிகை. கீழ உக்காருவாரு. வூட்டுக்காரம்மா எங்க?"

"மாவு ஆட்டறா. அவளுக்கு என்னா மேடம் தெரியும்?"

"நடுவருக்கு ஒண்ணும் தெரிய வேணாம். கேட்டாப் போதும்."

கிரைண்டர் நின்றது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கணவர் எழுந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போனார். "நான் தரையிலயே உக்காந்துக்கறேம்மா."

"தரையில உக்காந்தா தீர்ப்பு செல்லாது."

அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. நடுவரின் சொந்த விஷயத்தை யாரும் இழுக்கக் கூடாது. தீர்ப்புக்குப் பிறகு யாரும் பேசக் கூடாது. மூன்றுக்கும் சரி என்றார் அண்ணன்.

இரண்டாவது விதி எந்தப் பட்டிமன்றத்திலும் கிடையாது. நடுவரின் வழுக்கையையும் நடுவரின் மனைவியையும் கிண்டல் செய்யாமல் இறங்கிய பேச்சாளரை நான் பார்த்ததில்லை. முசியேயின் பாத்திரம் தேய்க்கும் கதையை அதிகம் சொன்னவரே அக்காதான். தரையில் உட்கார்ந்திருந்த நான் அண்ணாந்து அவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் அணிக்காக அவரே முதலில் பேசினார். குறைவைத்துப் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்காரரும் மாமியாரும் வரவில்லை. சிரிப்புக்கு இடமே இல்லை.

"ரெண்டு பொண்ணுங்களுக்கு யாரு வூடு குடுப்பாங்க? குடுத்தாலும் எத்தன மாசம்? கம்பெனியில தெரிஞ்சா வேல இருக்குமா? நாப்பது வயசுல, அம்பது வயசுல யாரு பாப்பாங்க? கல்யாணம்னு பதிய சட்டத்துல எடம் இல்ல. ஒருத்திக்கு ஒடம்பு முடியாமப் போச்சுன்னா ஆஸ்பத்திரியில கேப்பாங்க, நீ யாருன்னு. என்னான்னு எழுதுவ?"

நித்யாவின் முகம் மாறியது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிவுரை வரும் இடத்தில் அக்கா நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், அத சொல்லலியே" என்றார் அண்ணன். "அந்த அம்மா அழறது."

"அது நடுவர் விசயம். சொல்லக் கூடாது."

"அதுதான மேடம் முக்கியம்! இவ தெனம் அழறா. சோறு எறங்கல. ஏய், சொல்லேன்டி நீ..."

டங் என்றது டம்ளர்.

"விதின்னா விதி, அண்ணே."

அண்ணன் திகைத்துப்போய் அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் கண்ணில் நீர் நிறைந்துதான் இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதை அழுது காட்டக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முந்தானையால் ஒற்றிவிட்டு நிமிர்ந்துகொண்டார். அந்த வீட்டில் அதற்கு முன் அந்தக் கண்ணீரை ஆளாளுக்கு எடுத்துக் காட்டியிருந்தார்கள். இப்போது எடுக்க முடியவில்லை.

நித்யா தனக்குப் பேசத் தெரியாது என்றாள். "தெரியாத மாதிரியே பேசு" என்றார் அக்கா.

"அந்த மாப்புள மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லவராத்தான் இருப்பாரு. நான் அவர்கிட்ட தெனம் பொய் சொல்லணும். படுக்கும்போதும் எந்திரிக்கும்போதும். கயல்கிட்ட மட்டுந்தான் நான் பொய் சொல்லாம இருக்கேன்." நிறுத்தினாள். எதிரணியின் கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஆஸ்பத்திரியில என்னான்னு எழுதுவன்னு கேட்டாங்க. போன வருசம் டெங்கு வந்து படுத்தப்ப அவதான் இருந்தா. நீ யாருன்னு கேட்டாங்க. அக்கான்னு எழுதுனா. எனக்கு அது புடிக்கல. ஆனா எழுதிட்டு உக்காந்திருந்தா. எங்கயும் போவல."

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அண்ணி அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"சாத்துக்குடி புழிஞ்சு எடுத்தாருமே, அந்தப் பொண்ணா?"

"ஆமாம்மா."

"பிள்ளைச்சாவடிலேருந்து தெனம் பஸ்ஸுல வந்துச்சு."

"ஆமாம்மா."

அண்ணியின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடிமேல் வந்திருந்தன. காய்ந்த மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"தீர்ப்பு சொல்லிட்டா அப்பறம் யாரும் பேசக் கூடாது, இல்லம்மா?"

"பேசக் கூடாது."

"இவருமா?"

"அணித் தலைவருந்தான்."

"அப்பக் கல்யாணத்த நிறுத்திடுங்க."

அண்ணன் எழுந்தார். வாயைத் திறந்தார். அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்தார், அடிக்கவில்லை. அண்ணன் கரண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தானே சம்மதித்த விதியை நினைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"மாவு பாதில நிக்குது" என்று அண்ணி எழுந்து போனார். கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

திரும்பும் வழியில் கடற்காற்று எதிரே அடித்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, நடுவர் சொந்த விஷயத்தப் பேசக் கூடாதுன்னு எந்த ஊர் விதி?"

"இன்னைக்குப் போட்டதுதான்."

"நீங்க உண்மையில எந்த அணி?"

"எனக்குக் குடுத்த அணிக்குக் கொறையாப் பேசுனேனா? சொல்லுங்க."

"இல்ல."

"அப்பறம் என்னா? வண்டியப் பாத்து ஓட்டுங்க நிருபரே, முன்னாடி மாடு."

இது நல்லபடியாக முடிந்த கதை என்று எழுதினால் தவறாகிவிடும். அண்ணன் மாதக்கணக்கில் மகளோடு பேசவில்லை. தெருவில் அதைப் பற்றி வம்பு பேசாதவர்களும் இல்லை. கார்த்திகையில் நித்யாவும் கயலும் லாஸ்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன் எடுத்தார்கள். அக்கா சொன்னபடியே சில மாதங்களில் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார், இருவரும் இன்னொன்று தேடினார்கள். அடுத்த ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தெருக் குழு அக்காவை விட்டுவிட்டு வேறொரு அம்மாளைப் பேசக் கூப்பிட்டது. அண்ணன் அந்தக் குழுவில் இருந்தார்.

அக்காவின் பேச்சை மற்ற இடங்களில் கேட்டேன். அணி மாறவில்லை. ரசம் இருந்தது, சின்ன மருமகளின் சாம்பார் இருந்தது. முடிவுரை மட்டும் இல்லை. சிரிப்போடு சட்டென்று நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் பழையபடி எழவில்லை. "அந்தக் கண்ணீரு மேட்டர் சொல்லுங்க மேடம்" என்று செயலாளர்கள் கேட்பார்கள். "மறந்து போச்சுப்பா" என்பார். போகப்போக அழைப்புகளும் குறைந்தன. ஓய்வு பெற்ற பிறகு மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கப் போனார். கையில் பை இல்லை. செருப்பு காலில் இருந்தது.

போன ஆனியில் காலமானார். முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். விழாக் குழுக்கள் மாலையோடு வந்தன. முசியே வந்து, வயதின் காரணமாக வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு நெல்லித்தோப்பிலிருந்து அண்ணி வந்தார். நித்யாவும் கயலும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

அண்ணி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த உறவுக்கார அம்மாள் கேட்டார்.

"நீங்க யாரு? எப்புடிப் பழக்கம்?"

"பழக்கம்னு இல்லம்மா. ஒரு பட்டிமன்றத்துல அவங்க பேசுனாங்க. நான்தான் நடுவரு."

அந்த அம்மாள் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். வாசலில் இருந்த முசியேயும் திரும்பிப் பார்த்தார்.

"நடுவரா? எந்தக் கோயில்ல?"

"எங்க வூட்ல."

"ஓ. யாரு செயிச்சா?"

அண்ணி பந்தலுக்கு வெளியே, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் சேர்ந்து நின்ற இருவரையும் பார்த்தார்.

"அவங்க அணி தோத்துடுச்சும்மா" என்றார். "ரொம்ப நல்லா பேசுனாங்க."